ஒரே காபன், இரண்டு குணம்

கேள்வி: காரீயமும் வைரமும் காபன்தான் என்று படித்தோம். பிறகு ஏன் ஒன்று விரலில் ஒட்டுகிறது, மற்றது கண்ணாடியையே அறுக்கிறது?
- சாதாரண தர மாணவி, எல்கடுவ

பதில்: அணு ஒன்றுதான்; அணுக்கள் கைகோத்திருக்கும் விதம் வேறு.

வைரத்தில் ஒவ்வொரு காபனும் நான்கு திசைகளிலும் நான்கு காபன்களோடு பங்கீட்டு வலுப்பிணைப்பால் இணைந்திருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் வலுவான பிணைப்பை உடைத்தாக வேண்டும். அதனால்தான் அந்தக் கடினம்.

காரீயத்தில் ஓர் அணுவுக்கு மூன்று பிணைப்புகளே. அறுகோணங்கள் சேர்ந்து தட்டையான படைகளாகின்றன. வேடிக்கை என்னவென்றால், படைக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தினதைவிடக் குறுகியது, வலுவானது: 0.142 நனோமீற்றர், வைரத்தில் 0.154. ஆனால் படைக்கும் படைக்கும் இடைவெளி 0.335 நனோமீற்றர். அங்கே பிடித்திருப்பது மெல்லிய வந்தர்வாலின் விசை மட்டுமே. பென்சிலைத் தாளில் இழுக்கும்போது படைகள் சீட்டுக்கட்டு போல வழுக்கித் தாளில் தங்கிவிடுகின்றன. இறுகிய பூட்டுக்குள் பென்சில் தூளைப் போட்டால் சாவி இலகுவாகத் திரும்புவதும் இதனால்தான்.

மிஞ்சிய நான்காம் இலத்திரன் படை நெடுக உலாவுவதால் காரீயம் மின்னைக் கடத்தும், வைரம் கடத்தாது.

படைக்குள் பிணைப்பு வலுவானதால் காரீயம் கடும் வெப்பத்தையும் தாங்கும். குருநாகல் மாவட்டத்துக் ககட்டகஹ, கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கங்களில் கிடைப்பது உலகிலேயே அரிதான, மிகத் தூய நரம்புக் காரீயம். உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இலங்கைக் காரீயம் பிரித்தானியர் காலத்திலேயே கப்பலேறியது.

பரீட்சையில் ஒரு பொருளின் குணத்துக்குக் காரணம் கேட்டால், எந்தப் பிணைப்பு உடைகிறது என்பதை முதலில் எழுதுங்கள்.