தோட்டத்துப் படமும் பழைய ஒலிநாடாவும்: கணினியில் ஏற்றிச் சீர்படுத்த முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் மெர்போக், செமெலிங், பீடோங் பக்கத்துத் தோட்டங்களை விட்டுச் சுங்கைப் பட்டாணிக்குக் குடிபோன குடும்பங்களில் இன்னும் சில பொருள்கள் பத்திரமாக இருக்கின்றன. பூஞ்சை படிந்த கல்யாணப் படம், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வகுப்புப் படம், மடித்து வைத்த தமிழ் நேசன் நாளிதழ்த் துண்டு, பாட்டியின் தாலாட்டைப் பதிந்த ஒலிநாடா. தோட்டம் கைமாறி, லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிபட்ட பிறகு அந்த வாழ்க்கைக்குச் சாட்சி இவைதான். இவற்றைக் கணினியில் ஏற்ற விரும்பும் இளையோர் கேட்கும் கேள்விகள் எல்லாமே இலக்கவியல் சமிக்ஞைச் செயலாக்கத்தின் அடிப்படைக் கேள்விகள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதியும்போது விட்டுப்போனதைப் பிறகு எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

கணினிக்குப் படம் என்பது என்ன?

எண்களின் அட்டவணை. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. வண்ணப் படமென்றால் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக மூன்று எண்கள். 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் படத்தைக் கணினியில் ஏற்றியபோது அதன் அளவு 176-க்கு 176 புள்ளிகள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. ஒலியும் இதே கதைதான். சீரான இடைவெளியில் அலையின் உயரத்தை அளந்து எழுதிய எண்களின் வரிசை.

எத்தனை டிபிஐயில் ஸ்கேன் செய்வது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. டிபிஐ என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி எடுக்கிறோம் என்ற அளவு. பலர் தவறுவதும் இங்கேதான். விடைக்கு அடிப்படை நைக்விஸ்ட் விதி. ஓர் அலையைத் திரும்ப உருவாக்க வேண்டுமானால் அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை. குறுந்தட்டில் விநாடிக்கு 44,100 முறை அளவெடுப்பது அதனால்தான்.

இந்த விதியைக் கண்ணால் பார்க்க அந்தத் தமிழ் நேசன் துண்டை எடுங்கள். செய்தித்தாள் படம் முழுக்கச் சிறு மைப்புள்ளிகளால் ஆனது. அங்குலத்துக்கு 85 வரிசை என்று வைத்துக்கொள்வோம். அதை 100 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அச்சில் இல்லாத அலைப்பட்டைகள் படத்தின் மேல் ஓடும். 100-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசமான 15 பட்டைகள், ஒவ்வோர் அங்குலத்திலும். இதை மாய்ரே என்பார்கள். இப்படி விழுந்த பட்டை முகத்தின் நிழலோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். விதிப்படி 170-க்கு மேல் போனால் போதும். ஆனால் மைப்புள்ளியின் விளிம்பு கூர்மையாக இருப்பதால் அதற்குள் இன்னும் நுண்ணிய அலைகள் உண்டு. ஆகவே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு புள்ளிகள் கரையும் அளவுக்குக் காசியன் மங்கலாக்கம் கொடுத்து, அதற்குப் பின்னரே படத்தின் அளவைக் குறையுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் பட்டைகள் திரும்ப வந்துவிடும்.

சாதாரணப் புகைப்படத்துக்கும் 600 போதும். ஆறுக்கு நான்கு அங்குலப் படம் 3,600-க்கு 2,400 புள்ளிகள் ஆகும். வண்ணத்தில் சுமார் 26 மெகாபைட். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறை எது, உருவம் எது என்று பிரித்தறிய அது உதவும்.

கைப்பேசியில் எடுத்து வாட்சாப்பில் அனுப்பினால் ஆகாதா?

ஸ்கேனர் இல்லாவிட்டால் கைப்பேசி போதும். ஃபிளாஷ் வேண்டாம், சன்னல் ஓரத்து வெளிச்சத்தில், படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். சிக்கல் அனுப்புவதில்தான். வாட்சாப் படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருக்காது.

இப்படிச் சுருக்கப் பயன்படும் ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளாக மாற்றி, கண் அதிகம் கவனிக்காத நுண் அலைகளைக் குறைக்கிறது. அந்தக் கொசைன் உருமாற்றத்தை 1974-இல் கட்டுரையாக வெளியிட்டவர்கள் நாசிர் அகமது (பெங்களூரில் பிறந்தவர்), டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். உலகம் பார்க்கும் படங்களில் பெரும்பங்கு அவர்கள் கணக்கில்தான் பயணம் செய்கிறது. ஆனால் ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு சேரும். மூலப்படியில் கை வைக்காமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

வெள்ளைப் புள்ளிகளை எப்படி நீக்குவது?

கன்னத்தில் விழுந்த ஒரு பூஞ்சைப் புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளையும் எடுத்துக்கொள்வோம்: 142, 140, 139, 141, 255, 143, 138, 140, 142. நடுவில் இருக்கும் 255தான் கறை. சராசரி எடுத்தால் 153 வருகிறது. கறை மங்குமே தவிரப் போகாது. இப்போது இவற்றை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள்: 141. கறை போய்விட்டது, கன்னத்தின் நிறம் அப்படியே இருக்கிறது. இதுவே இடைநிலை வடிகட்டி. உப்புத் தூவியது போன்ற கறைகளுக்கு இதைவிட எளிய மருந்து இல்லை. ஆனால் கட்டத்தைப் பெரிதாக்கினால் மூக்குத்தியும் கறையோடு போய்விடும். மூன்றுக்கு மூன்றில் தொடங்குங்கள், கறை உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள்.

ஒலிநாடாவில் கேட்கும் இரைச்சலுக்கு என்ன வழி?

ஓட்டுவதற்கு முன் நாடாவை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள், கருவியின் தலையைத் துடையுங்கள். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று வைத்துப் பதியுங்கள்.

அடியில் ஓயாமல் கேட்கும் ரீங்காரம் பெரும்பாலும் மின்சாரத்தினுடையது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 50, 100, 150 என்று மடங்குகளில் நிற்கும். 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட வேக ஃபூரியே உருமாற்றத்தால் அலைமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தை, பார்த்தால் அவை மெல்லிய தூண்களாகத் தெரியும். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் அந்தத் தூண்களை மட்டும் குறுகலாக வெட்டலாம். பெண்குரலின் அடிச்சுருதி பொதுவாக 200 ஹெர்ட்ஸ் அருகில் இருப்பதால் முதல் மூன்றையும் வெட்டினால் பாட்டியின் குரலுக்குச் சேதம் குறைவு. அதற்கு மேல் கை வைக்க யோசியுங்கள். 'உஸ்' என்ற இரைச்சலை முழுக்கத் துடைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதாகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்தலாமா?

தாத்தாவின் மங்கிய முகத்தைப் பளிச்சென்று காட்டும் செயலிகள் நிறைய வந்துவிட்டன. அவை முகத்தை மீட்பதில்லை. ஆயிரக்கணக்கான வேற்று முகங்களில் கற்றதை வைத்துப் புதிதாக வரைகின்றன. கண்ணின் ஓரம், பல்வரிசை, மூக்கின் வளைவு எல்லாம் ஊகம். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்றால் செய்துகொள்ளுங்கள். குடும்பச் சேமிப்பில் வைக்காதீர்கள். அடுத்த தலைமுறை அதைத்தான் தாத்தா என்று நம்பும்.

அடுத்து என்ன கற்கலாம்?

ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் கை பழகியதும் பைத்தான் நிரல்மொழிக்கு வாருங்கள். அதற்கான நம்பை, ஓப்பன்சிவி நிரல்தொகுப்புகள் இரண்டும் இலவசம். மேலே சொன்ன இடைநிலை வடிகட்டியை நீங்களே எழுதிப் பாருங்கள், பத்து வரிதான்.

பயிற்சிக்கு மெர்போக்கிலேயே பொருள் உண்டு. 2015 முதல் படமெடுத்து வரும் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம். ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். மெர்போக் ஆற்றின் சதுப்புநிலக் காட்டுப் படத்தில் அகச்சிவப்பு எண்ணிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமை எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்று தெரியும். மேகம் குறைந்த ஜனவரி, பிப்ரவரிப் படங்களைத் தேடுங்கள்.

மெர்போக்கை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் கற்களையும் படமெடுத்துப் பழக மறக்க வேண்டாம். 2013-இல் அங்கிருந்த 11-ஆம் எண் சண்டி (பழங்கோயில்), வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடிக்கப்பட்டது. இனி அதை முன்பு எடுத்த படங்களிலும் பதிவுகளிலும்தான் பார்க்க முடியும்.

வரும் பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு படத்தை 600-இல் ஸ்கேன் செய்யுங்கள். கோப்பின் பெயரில் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். மூன்று நகல் எடுத்து, அதில் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவரிடம் அன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.