அட்டையால் ஒரு மெங்கர் கடற்பஞ்சு

நுழையும்முன்

கணிதத்தில் எண்ணிப் பார்க்க எளிதாய் இருப்பது, கையால் கட்டும்போது அரிதாகிவிடுவதுண்டு. ஒருவரால் இயலாத அப்பணி, பலர் கைகோக்கும்போது கைகூடுகிறது. அத்தகைய வடிவம் ஒன்றின் கதையே இப்பாடம்.

துளைகளால் ஆன வடிவம்

ஆஸ்திரியக் கணித அறிஞர் கார்ல் மெங்கர் 1926ஆம் ஆண்டு ஒரு வடிவத்தை விளக்கினார். ஒரு கனசதுரத்தை 27 சிறு கனசதுரங்களாகப் பகுக்க வேண்டும். ஆறு முகங்களின் நடுவிலுள்ள ஆறையும் உள்ளே மையத்திலுள்ள ஒன்றையும் நீக்கினால் 20 எஞ்சும். அந்த ஒவ்வொன்றிலும் இதனையே மீண்டும் செய்தால் இரண்டாம் நிலையில் 400, மூன்றாம் நிலையில் 8,000 என எண்ணிக்கை பெருகும். நிலை உயர உயரக் கனஅளவு குறைந்துகொண்டே செல்லும்; புறப்பரப்போ பெருகிக்கொண்டே செல்லும். கடற்பஞ்சினைப் போலத் துளைகள் நிறைந்திருப்பதால் இது மெங்கர் கடற்பஞ்சு எனப் பெயர் பெற்றது.

பசையின்றி ஒரு கட்டுமானம்

அமெரிக்கப் பொறியாளர் ஜெனைன் மோஸ்லி, இதன் மூன்றாம் நிலையை விசிட்டிங் கார்டு எனப்படும் முகவரி அட்டைகளால் அமைக்க முனைந்தார். ஓர் அட்டையின் இரு ஓரங்களையும் மடித்தால் நடுவில் ஒரு சதுரம் அமையும். அவ்வாறு மடித்த ஆறு அட்டைகளைக் கோத்தால் ஒரு கனசதுரம் கிடைக்கும். வெளியே நீளும் மடிப்புகளே அண்டைக் கனசதுரத்தைப் பற்றிக்கொள்ளும். பசையோ கம்பியோ தேவையில்லை.

8,000 கனசதுரங்களுக்கு 48,000 அட்டைகள். புறப்பரப்பினை மூட 18,048 அட்டைகள். ஆக மொத்தம் 66,048. ஓர் அட்டையை மடிக்க அரை நிமிடம் எனக் கொண்டாலும், மடிப்பதற்கு மட்டும் 550 மணிநேரம் வேண்டும். எனவே மோஸ்லி பிறரையும் துணைக்கு அழைத்தார். பல ஆண்டுகள் பலர் மடித்தும் கோத்தும் தந்தவற்றால் ஏறத்தாழ நாலரை அடிப் பக்கமுள்ள கனசதுரம் உருவாயிற்று.

பிழையும் பொறுப்பும்

ஒரு வரிசையில் 27 கனசதுரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் பிறழ்ந்தால், வரிசையின் முடிவில் பிறழ்ச்சி 27 மில்லிமீட்டராகும். அடுத்த பகுதி அதனோடு பொருந்தாது. ஒருவர் சோர்வில் தளர்வாக மடித்த அட்டையின் சுமையை, அவர் முகமறியாத மற்றொருவர் சுமக்க நேரிடும். ஆகவே, எங்கோ உள்ளே மறைந்துவிடும் அட்டையையும் வெளியே தெரியும் அட்டையைப் போன்றே செம்மையாக மடித்தல் வேண்டும்.

2014ஆம் ஆண்டு இம்முயற்சி பல நாடுகளுக்கு விரிந்தது. 20 இடங்களில் மூன்றாம் நிலைக் கடற்பஞ்சுகளைக் கட்டி, அவை அனைத்தையும் சேர்த்து ஒரே நான்காம் நிலையாகக் கருதுவது திட்டம். அவை ஓரிடத்தில் கூடவில்லை. ஆயினும் ஒரே கணக்கில் அடங்கின. ஊர்கூடித் தேரிழுக்கும்போது வடத்தைப் பற்றிய கைகளில் எது இழுத்தது என எவரும் வினவுவதில்லை. இங்கும் அவ்வாறே.

கற்பவை கற்றபின்

1. பழைய அட்டைகளைக் கொண்டு குழுவாக முதல்நிலைக் கடற்பஞ்சினை அமைக்க. (20 கனசதுரங்களுக்கு 120 அட்டைகள்; புறப்பரப்பிற்கு 72 அட்டைகள்.)
2. 'மறைந்திருக்கும் பணியும் மதிப்புடையதே' – வகுப்பறையில் கலந்துரையாடுக.