வாரண்டி முடிந்த லேப்டாப்புக்கு வழக்குப் போட முடியுமா?

கேள்வி: 2023 ஜூன் மாதம் திருச்சியில் ஒரு கடையில் 92,000 ரூபாய் கொடுத்து என் மகனுக்கு கேமிங் லேப்டாப் வாங்கினேன். பில் என் பெயரில் இருக்கிறது. ஓராண்டு வாரண்டி. ஆகஸ்டிலிருந்தே அடிப்பாகம் கை வைக்க முடியாத அளவு சூடாகி, ஹேங் ஆகி நின்றுவிடுகிறது. கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை கொண்டுபோனோம். முதல் இரண்டு முறை காகிதம் எதுவும் தரவில்லை. 2024 மார்ச்சில் தந்த ஜாப் ஷீட்டில், 'ஹேங் ஆவதாகப் புகார். ஃபேன் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றப்பட்டது. குறை காணப்படவில்லை' என்று இருக்கிறது. ஒரே வாரத்தில் மறுபடியும் ஹேங். ஜூனில் வாரண்டி முடிந்தது. அக்டோபரில் வெளிக்கடையில் கழற்றிப் பார்த்தும் பயனில்லை. டிசம்பரில் சர்வீஸ் சென்டரில், போர்டு போய்விட்டது, மாற்ற 38,000 ரூபாய் ஆகும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ஓயாமல் கேம் ஆடியதுதான் காரணமாம். சும்மா டைப் செய்யும்போதும் ஹேங் ஆகிறது. வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: போடலாம். ஆனால் 2025 ஆகஸ்ட் பிறப்பதற்குள் போட்டுவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-வது பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். உங்களுக்கு அது 2023 ஆகஸ்டிலேயே எழுந்துவிட்டது என்றுதான் கம்பெனி வாதாடும். கடைசியாக சர்வீஸ் செய்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று நாம் பதில் சொல்ல முடியும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கவும் செய்யலாம். கைவசம் நாள் இருக்கும்போது இந்த இரண்டையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது ஒரே ஒரு கேள்வி: வாரண்டி காலத்துக்குள்ளேயே இந்தக் குறை இருந்தது, கம்பெனியிடம் தெரிவிக்கப்பட்டது, ஆனால் சரிசெய்யப்படவில்லை என்பதற்கு எழுத்தில் சான்று உண்டா? இருந்தால், வாரண்டி பின்னால் முடிந்துபோனது உங்களைப் பாதிக்காது. அந்தச் சான்று 2024 மார்ச் ஜாப் ஷீட். 'குறை காணப்படவில்லை' என்ற வரியைப் பார்த்து மனம் தளராதீர்கள். ஹேங் ஆவதாக நீங்கள் புகார் கொடுத்ததை அதே தாள் ஒப்புக்கொள்கிறது. சூடான லேப்டாப்புக்குக் கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் ஃபேனில் தூசி, காய்ந்துபோன பேஸ்ட் ஆகிய இரண்டும்தான். அவற்றை அவர்களே தம் கையால் சரிசெய்த பிறகும் ஹேங் தொடர்ந்திருக்கிறது. அப்படியானால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

சூட்டையும் ஹேங் ஆவதையும் பிரித்துப் பாருங்கள். கேம் ஆடும்போது பிராசசரின் வெப்பம் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இவ்வகை லேப்டாப்புகளில் சாதாரணம். எல்லை நெருங்கினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே 'சூடாகிறது' என்று மட்டும் எழுதினால், வடிவமைப்பே அப்படித்தான் என்று பதில் வரும். டைப் செய்யும்போதும் ஹேங் ஆகிறது என்பதுதான் உங்கள் பலம். கேம் ஆடியதால் கெட்டது என்ற வாதம் அங்கே நிற்காது. கேமிங் லேப்டாப் என்று சொல்லி விற்ற பொருளில் கேம் ஆடியதைத் தவறான பயன்பாடு என்று சொல்லவும் முடியாது.

இதை நிரூபிக்க மகனிடம் சில வேலைகளைக் கொடுங்கள். மெத்தை மேல் வைக்காமல், அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடாதபடி மேசையில் வைத்து, கம்பெனி தந்த அடாப்டரிலேயே இயக்கட்டும். வெப்பம் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து வைத்து, ஹேங் ஆகும் நேரத்தில் எத்தனை டிகிரி என்று கைபேசியில் வீடியோ எடுக்கட்டும். 50, 60 டிகிரியிலேயே நின்றுபோனால் ராம், எஸ்எஸ்டி, போர்டு, டிரைவர் என்று வேறு இடத்தில்தான் கோளாறைத் தேட வேண்டும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் முறையின்றி அணைந்த ஒவ்வொரு தடவையும் 'கெர்னல் பவர் 41' என்று நேரத்தோடு பதிவாகியிருக்கும். காரணத்தை அது சொல்லாது, எத்தனை தடவை நின்றது என்பதைச் சொல்லும். விண்டோஸை ரீசெட் செய்வதற்கு முன் இந்தப் பதிவுகளை நகல் எடுத்துவிடுங்கள், ரீசெட் செய்தால் அழிந்துவிடும். இத்தகைய மின்னணுச் சான்றுகளோடு பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-ன்படியான சான்றிதழையும் இணைப்பது நல்லது.

இனி, சொல்லியே ஆக வேண்டியவை. 92,000 ரூபாய் பொருளை கவுன்டரில் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறீர்கள். தரவில்லை என்றால் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மறுத்தால் அன்றைக்கே கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்க வேண்டும். மார்ச்சில் ஒரு வாரத்திலேயே மறுபடி ஹேங் ஆனபோது வாரண்டி இன்னும் மூன்று மாதம் இருந்தது. அப்போது எழுதிய நான்கு வரிக் கடிதம் ஒன்று இருந்திருந்தால் இன்று வழக்கில் பாதி வேலை முடிந்திருக்கும். அதைவிடப் பெரிய பிழை, வெளிக்கடையில் கழற்றவிட்டது. குறை அங்கே கழற்றியதால் வந்தது என்று கம்பெனி சொல்லப்போகிறது. இதே தவற்றைச் செய்துவிட்டு எழுதும் வாசகர்கள் பலர். தயவுசெய்து இனி யாரும் செய்யாதீர்கள். நீங்களும் இனி ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம். சோதனையில்லாமல் குறையை முடிவுசெய்ய முடியாதென்றால், சட்டத்தின் 38-வது பிரிவின்படி ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லக்கூடும். அதுவரை இப்போதிருக்கும் நிலையிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

போர்டு மாற்ற 38,000 ரூபாய் என்பதை எழுத்தில் எஸ்டிமேட்டாகக் கேட்டு வாங்குங்கள். மார்ச்சில் குறையே இல்லை என்றவர்கள் டிசம்பரில் போர்டு போய்விட்டது என்கிறார்கள். இரண்டும் தாளில் இருந்தால் அந்த முரணுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

தயாரித்த கம்பெனி, விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவருக்கும் ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆனால் நோட்டீஸோ, உதவி எண்ணில் தந்த புகாரோ 2 ஆண்டுக் கெடுவை நிறுத்தாது. பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்து கெடுவைத் தவறவிட வேண்டாம்.

கரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். வாங்கியது திருச்சி, கம்பெனி வேறு மாநிலம் என்றாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குப் போட 34-வது பிரிவு இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் தாக்கல் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

என்ன கேட்பது என்பதில் கவனம் தேவை. மாருதி உத்யோக் நிறுவனத்தின் கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றித்தரவோ மட்டுமே கம்பெனியைக் கட்டுப்படுத்துகிறது என்று கூறி, புதுக் கார் தரச் சொன்ன உத்தரவை ஏற்கவில்லை. எனவே முழுப் பணத்தை மட்டும் கேட்டு நிற்காதீர்கள். போர்டை இலவசமாக மாற்றித் தர வேண்டும்; அது இயலாவிட்டால் புதிய லேப்டாப்; அதுவும் இயலாவிட்டால் வட்டியுடன் விலை, இவற்றோடு இழப்பீடும் வழக்குச் செலவும் என்று வரிசையாகக் கேளுங்கள். இவற்றை உத்தரவிடும் அதிகாரம் 39-வது பிரிவில் ஆணையத்துக்கு உண்டு.

உங்கள் கடிதத்தை மட்டும் படித்துச் சொன்ன பொதுவான கருத்து இது. வாரண்டி அட்டையின் நிபந்தனைகளை நான் பார்க்கவில்லை, வெளிக்கடையில் என்ன செய்தார்கள் என்பதும் தெரியாது. அவற்றைப் பொறுத்து முடிவு மாறலாம். நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம் என்றாலும், கெடு இவ்வளவு நெருங்கிய வழக்கில் அது ஆபத்து. பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், எஸ்டிமேட் நான்கையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே நுகர்வோர் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.