பயந்து தொட்ட கரம்

தியானப் பகுதி: மாற்கு 5:25–34



பெரும்பாடுள்ள ஸ்திரீ பன்னிரண்டு வருஷம் துன்பப்பட்டாள். வைத்தியத்திற்கே சொத்தெல்லாம் கரைந்தது. வெட்கத்தினால் கூட்டத்தில் ஒளிந்து வந்து ஆண்டவரின் வஸ்திரத்தைத் தொட்டாள். செலவும் வெட்கமும் இன்றும் நம் சகோதரிகளைத் தடுக்கின்றன.

மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்யும் ஒரு தாயாருக்கு மார்பில் கட்டி. வலியில்லாததால் ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "லீவு போட்டா சம்பளம் போயிடுமே, ஐயா" என்றார் எங்களிடம். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஏழைகளுக்கென ஆரம்பித்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பஸ்ஸில் சிறிது தூரந்தான். ஆனாலும் தாமதித்தே வந்தார்.

ஆகவே பரிசோதனை அவர்களிடம் போகவேண்டும். மாமோகிராம் இயந்திரத்திற்கு விலை அதிகம். படத்தைப் பார்த்துச் சொல்ல நிபுணரும் வேண்டும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் எளிய வழியொன்றை ஆராயத் தொடங்கியது. 35 முதல் 64 வயதுள்ள 1,51,538 பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருஷத்திற்கொருமுறை கையினால் பரிசோதித்தனர். 2021-ல் முடிவு வெளியானது: 50 வயதுக்கு மேற்பட்டோரில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையோரில் மரணம் குறையவில்லை. ஆயினும் நோய் முன்னதாகவே தெரியவந்தது.

இப்போது பையில் கொண்டுசெல்லத்தக்க, பாட்டரியில் இயங்கும் சிறு கருவிகளும் உண்டு. ஆனால் கையானாலும் கருவியானாலும் சந்தேகத்தை மட்டுமே காட்டும். ஊசியால் திசு எடுத்துப் பார்த்தே நோயை உறுதிசெய்வார்கள். கட்டி இருக்கிறதென்று சொல்லிவிட்டு, சிகிச்சைக்கு அழைத்துச் செல்லாமல் விடுவது, ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிப்போனதற்கு ஒப்பாகும்.

இயந்திரத்திற்குக் காணிக்கை தருவோர் பலர். நர்ஸின் பயிற்சிக்கும், நோயாளியின் பஸ் கட்டணத்திற்கும், இழந்த கூலிக்கும் தருவோர் சிலரே. இயந்திரத்தில் பெயர் பொறிக்கலாம். பஸ் டிக்கெட்டில் பொறிக்க முடியாதல்லவா! யவீருவின் வீட்டிற்கு விரைந்து செல்லும் வழியிலும் ஆண்டவர் நின்றார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டு, மகளே என்றழைத்தார். அந்த நிற்குதலே நம் ஊழியம்.

சிந்திக்க:
1. நம் சபையில் பயந்து மறைந்திருக்கும் சகோதரி யார்?
2. பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகையில் ஒரு நர்ஸைப் பேச அழைப்போமா?

ஜெபிக்க: அந்தத் தாயார் இப்போது சிகிச்சை பெற்று வருகிறார். அவருக்காகவும், அவர் பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள்.