தறி ஒருவருடையது, பட்டு இன்னொருவருடையது

துணி மூடையைப் பிரித்ததும் வியாபாரிகளாகிய நாம் பார்ப்பது விலையையும் சாயத்தையும்தான். நெய்த தறி யாருடையது, அது சும்மா கிடந்த நாட்களின் நட்டம் யார் தலையில் விழுந்தது என்று கேட்பதில்லை. இக்கேள்விக்கு விடை காணாமல் விட்டதால் ஒரு வர்த்தக நகரமே இரத்தம் சிந்தியது. பிரான்ஸ் நாட்டின் லியோன்தான் அது.

அங்கே பட்டு வியாபாரியிடம் தறி கிடையாது. நூலும் சித்திர மாதிரியும் அவர் கொடுப்பார்; நெய்த துணியை எடுத்து விற்பார். தறிகள் பட்டறைத் தலைவருடையவை. வீடே பட்டறை. அவருக்குக் கீழ் கூலி நெசவாளர்கள் இருந்தனர். வியாபாரி கொடுக்கும் துண்டுக்கூலியில் ஏறத்தாழப் பாதி தலைவருக்கு, பாதி நெய்தவருக்கு. இந்நெசவாளர்களை ‘கனூ’ என்று அழைத்தனர். சொந்த மெஷினில் கடைக்குத் தைத்துக் கொடுக்கும் நம்மூர்த் தையற்காரரின் நிலையும் இதற்குத் தூரமில்லை.

பழைய தறியில் பூவேலை நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் நெய்ய, பெரும்பாலும் சிறுமியோ சிறுவனோ பக்கத்தில் நின்று கயிறுகளை இழுத்துப் பாவு நூலை உயர்த்த வேண்டும். நாள் முழுவதும் இதே வேலை. 1804ஆம் ஆண்டளவில் லியோனைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்ட், தமக்கு முன்னிருந்தவர்களின் கருவிகளை இணைத்து, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் பொறியை அமைத்தார். ஒரு வரிசை நெசவுக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய பாவு நூல் உயரும். துளை இல்லையேல் உயராது. கயிறு இழுக்க ஆள் தேவையில்லை.

ஆனால் பொறி தறியின் உச்சியில் ஏற வேண்டும். எனவே குரோவா ரூஸ் மேட்டில் சுமார் 4 மீற்றர் உயரக் கூரையுடன் வீடுகள் எழுந்தன. உயர்ந்த வீட்டின் வாடகையும் பொறியின் விலையும் பட்டறைத் தலைவருக்கே. புதிய சித்திரத்துக்குத் தறியை மாற்றிப் பூட்டும் நாட்களில் துணி நீளாது; துணி நீளாவிட்டால் கூலியும் இல்லை. இலாபம் கூடியது, சுமை மட்டும் இடம் மாறவில்லை.

கணக்கு விடயத்தில் லியோன்காரர் கெட்டிக்காரர்கள். 1806ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தறிக்கும் இரட்டைப் பிரதியில் கணக்குப் புத்தகம் இருந்தது. பழைய வியாபாரிக்குக் கடன் இருந்தால், புதிதாக வேலை கொடுப்பவர் கூலியில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்து அவருக்குச் செலுத்த வேண்டும். அதே சட்டம் அமைத்த பிணக்குத் தீர்க்கும் சபையில் வியாபாரிகள் 5 பேர், பட்டறைத் தலைவர்கள் 4 பேர். கூலி நெசவாளருக்கு ஆசனமே இல்லை! எண்ணிக்கையைப் பார்த்தாலே தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது விளங்கும்.

1831 ஒக்டோபரில், மாவட்ட ஆளுநர் முன்னிலையில் இரு தரப்பும் கூடி ஆகக் குறைந்த கூலி விகிதத்தை ஒப்புக்கொண்டன. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட வியாபாரிகள் அது வர்த்தகச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று மறுத்தனர். நவம்பர் 21ஆம் திகதி கனூக்கள் மேட்டிலிருந்து இறங்கினர். சில நாட்கள் நகரம் அவர்கள் கையில். டிசம்பரில் மார்ஷல் சூல்ட்டின் தலைமையில் சுமார் 20,000 படையினர் நுழைந்தனர். கூலி விகிதம் இரத்தானது. 1834 ஏப்ரலில் மீண்டும் கிளர்ச்சி, மீண்டும் சாவுகள்.

அதன் பின்னர் வியாபாரிகள் மெல்ல மெல்ல வேலையைக் கிராமங்களுக்குக் கொண்டு போயினர். அங்கே கூலி குறைவு, சங்கம் சேரவும் ஆளில்லை. பின்னாளில் விசைத்தறிகள் வந்தன. தறிக்காகக் கட்டிய அந்த உயர்ந்த வீடுகளில் இன்று வேறு மனிதர் குடியிருக்கின்றனர்.