சராசரி 80 என்றால் குற்றம் இல்லையா?

நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் பினாங்குத் தீவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து காவானில் இரண்டாவது பாலத்தில் ஏறுகிறார்கள். 2014-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம், இணைப்புச் சாலைகளோடு சேர்த்து 24 கி.மீ. நீளம். வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ.

முதல் 12 கி.மீ. தூரத்தை அப்பா மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறார். நேரமாகிவிட்டதே என்று, மீதி 12 கி.மீ. தூரத்தை 120-இல் விரட்டுகிறார். சராசரி வேகம் என்ன?

60-ஐயும் 120-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 90 என்று பல மாணவர்கள் எழுதிவிடுவார்கள். மதிப்பெண் போவது இங்கேதான். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். முதல் பாதிக்கு 12 நிமிடம், அடுத்த பாதிக்கு 6 நிமிடம். ஆக 18 நிமிடம், அதாவது 0.3 மணி. 24-ஐ 0.3-ஆல் வகுத்தால் 80. மெதுவாகப் போன பாதியில் கார் இரண்டு மடங்கு நேரம் இருந்ததால், சராசரி 60-இன் பக்கம் சாய்ந்துவிட்டது.

"பார்த்தாயா, வரம்பைத் தாண்டவில்லை!" என்று அப்பா சொல்லலாம். ஆனால் ஓரிடத்தில் நின்று படம்பிடிக்கும் வேகக் கேமரா 18 நிமிடக் கணக்கைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது கணநேர வேகத்தை. நேர இடைவெளியை மிக மிகச் சிறிதாக்கி, அதற்குள் கடந்த தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. தூர-நேர வரைபடத்தில் தொடுகோட்டின் சரிவு. காரின் வேகமானி காட்டுவதும் அதையே. விபத்தும் சராசரியைக் கேட்டு வருவதில்லை. பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120-இல் அது 60-இல் இருப்பதைப்போல் நான்கு மடங்கு.

திசைவேகம் இன்னும் கண்டிப்பானது. இந்தப் பாலம் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து செல்கிறது. வேகமானியின் முள் 80-இலேயே நின்றாலும், வளைவில் திசை மாறுவதால் திசைவேகம் மாறுகிறது. அதுவும் சீரற்ற இயக்கமே. மாலையில் குடும்பம் வீடு திரும்பினால் இடப்பெயர்ச்சி சுழியம், எனவே அன்றைய சராசரித் திசைவேகமும் சுழியம். பெட்ரோல் மட்டும் குறைந்திருக்கும்!

ஒரு பயிற்சி: பாதித் தூரத்துக்குப் பதிலாக, பாதி நேரம் 60-இலும் பாதி நேரம் 120-இலும் ஓட்டினால், சராசரி வேகம் சரியாக 90 வரும். ஏன்? வேக-நேர வரைபடம் வரைந்து கண்டுபிடியுங்கள்.