அப்பாவின் பாதமும் அம்மாவின் அடுப்படியும்

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. நீண்டகால நீரிழிவு, பாதத்தில் புண். பலதுறை மருந்தகத் தாதி, "வீட்டில் எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். அது அவர்கள் வேலை இல்லையா?
– வாசகி, ஃபேரர் பார்க்

பதில்: ஆழமான புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது தாதியின் வேலைதான். ஆனால் அவர் அப்பாவைப் பார்ப்பது சிறிது நேரம். மிச்சப் பொழுதெல்லாம் வீட்டில்தானே? நீரிழிவால் உணர்விழந்த பாதத்தில் முள் குத்தினாலும் வலிக்காது. தினமும் உள்ளங்காலைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும். இன்சுலின் போடுபவர் திடீரென வியர்த்து நடுங்கினால் ரத்தச் சர்க்கரை 4 mmol/Lக்குக் கீழே போயிருக்கலாம். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள்.

நம் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. தாதி சொல்வதைக் கேட்பது மகள். தேக்கா சந்தையில் காய் வாங்கிச் சமைப்பது அம்மா. பகலெல்லாம் உடனிருப்பது பணிப்பெண். அந்த இருவருக்கும் விஷயம் அரைகுறையாகத்தான் போய்ச் சேர்கிறது! பணிப்பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்ப, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் பராமரிப்பாளர் பயிற்சி மானியம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப் போங்கள். கட்டுப் பிரிக்கும்போது அவரை வெளியே உட்கார வைத்துவிடாதீர்கள்.